நிழற்கல்லும் அறுபதாம் படியும்

எங்கள் கிணற்றில் மத்தியானம் ஆகிவிட்டதா என்பதை ஒரு கல்தான் சொல்லும். ஏற்றத்துக் கல்தூணின் நிழல் காலையில் மேற்கே நீண்டு கிடக்கும். வெயில் ஏற ஏற அது சுருங்கிக்கொண்டே வடக்கே திரும்பும். வடக்குப் பக்கம் முழங்கால் உயரத்துக்கு ஒரு கருங்கல் நட்டிருந்தது. நிழல் அந்தக் கல்லைத் தொட்டதும், தண்ணீர் இறைக்கிற பெரிய வீட்டு மாடுகளை ஏற்றத்திலிருந்து அவிழ்க்க வேண்டும். எங்கள் மாடுகளைப் பூட்ட வேண்டும். சித்திரைக்கு மேல் நிழல் தூணடியிலேயே ஒடுங்கிப்போகும். அப்போது கிணற்றில் தண்ணீரும் இருக்காது, சண்டைக்கும் வேலை இருக்காது.

என் வீட்டுக்காரரின் தாத்தா சொத்தைப் பிரித்தபோது நிலத்தை இரண்டாக்கினார். கிணற்றை இரண்டாக்க முடியவில்லை. அதனால் பொழுதை இரண்டாக்கினார். காலைத் தண்ணீர் மூத்த மகன் வழிக்கு, பின்பொழுதுத் தண்ணீர் இளைய மகன் வழிக்கு. நாங்கள் இளைய வழி. மூத்த வழியான பெரிய வீட்டில் அப்போது இருந்தவர் என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகன், எனக்கு மூத்தார் முறை. அவர் எதிரில் நான் நின்று பேசியதில்லை. அவர் வந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன்.

அந்தக் கல்லை நகர்த்தியது நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால், எங்கள் வீட்டுக் கை எதுவும் அதைத் தொடவில்லை என்று திருச்செங்கோட்டு மலையில் அறுபதாம் படி ஏறிச் சத்தியம் செய்ய என் வீட்டுக்காரர் புறப்பட்டார். நானும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடப் போனேன். இரண்டாவது உலகச் சண்டை மூளுவதற்கு மூன்று நாலு வருஷம் முந்தி நடந்தது இது.

தை மாசத்தில் ஒரு நாள். குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு, கிணற்றோரம் கிடாரிக் கன்றை மேய விட்டிருந்தேன். அது மிளகாய்ச் செடிப் பக்கம் போய்ப் போய் வாய் வைத்தது. பிடித்துக் கட்ட வேறு இடம் தெரியாமல் கயிற்றை அந்தக் கல்லில் சுற்றினேன். வாய்க்கால் கசிந்து மண் இளகிக் கிடந்தது எனக்குத் தெரியாது. கிடாரி எதையோ கண்டு மிரண்டு ஒரே இழுப்பு. கல் வேரோடு பிடுங்கிய செடி மாதிரி சாய்ந்து, உருண்டு, சேற்றில் குப்புறக் கிடந்தது. குழிகூடத் தெரியவில்லை, தண்ணீர் வந்து மூடிக்கொண்டது.

கிணற்றுப் பக்கம் மாடு கட்டாதே என்று மாமியார் நூறு தடவை சொல்லியிருந்தார். சுற்றிலும் பார்த்தேன், யாரும் இல்லை. கையால் மண்ணைத் தோண்டி, கல்லைப் புரட்டிக் கொண்டுவந்து, இங்கேதான் இருந்தது என்று தோன்றிய இடத்தில் நிறுத்தி, சுற்றிலும் கல் பொறுக்கிப் போட்டு மிதித்தேன். அது பொழுதைக் காட்டுகிற கல் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு என் பயமெல்லாம் மாமியாருடைய வாயைப் பற்றித்தான். கை கால் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். நாலு நாளில் அதை மறந்தும் போனேன்.

மாசியில் கிணறு கீழே போய்விட்டது. தண்ணீர் மொள்ளுகிற சால் அடிமண்ணைத் தட்டிக்கொண்டு கலங்கலாக மேலே வந்தது. மூத்தாருடைய மிளகாய் கடைசிப் பாத்திகளில் வாடத் தொடங்கியது. கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போவதற்குள் நிழல் கல்லைத் தொட்டுவிடுகிறது, என் வீட்டுக்காரர் மாட்டோடு வந்து நின்றுவிடுகிறார். ஒரு நாள் மூத்தார் மாட்டை அவிழ்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

"கல்லு நகந்திருக்குதுடா. என்ர கண்ணு என்ன பொட்டக்கண்ணா? ஒரு முழம் மேக்கே நகந்திருக்குது."

"முழமா? நெழலு உனக்காகக் காத்துட்டு நிக்கோணுமாக்கும். உன்ர மாடு நடக்கற நடைக்குக் கல்ல ஈரோட்டுலதான் கொண்டுபோயி நடோணும்ணா."

"நக்கலு பேசாத. எவன் நகத்தினான்னு எனக்குத் தெரியாதா?"

"யாரு? நானா? என்ர மேலயா சொல்ற?"

நான் கிணற்றை ஒட்டிய எங்கள் வீட்டு அடுப்படியில் இருந்தேன். கையில் இருந்த களித்துடுப்பு அப்படியே நின்றுவிட்டது. அப்போதுதான் கிடாரி ஞாபகம் வந்தது.

வெளியே ஆள் கூடிவிட்டது. என் வீட்டுக்காரர் கோபம் வந்தால் நிதானம் தெரியாதவர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கத்தினார்: "வர்ற திங்கக்கிழமை செங்கோட்டு மலைக்கு வா. அறுபதாம் படியில கற்பூரம் ஏத்தறேன். என்ர கையோ, என்ர ஊட்டுக் கையோ, ஒண்ணாவது அந்தக் கல்லத் தொட்டிருந்தா, சாமி பாத்துக்கட்டும்!"

மூத்தார் தணிந்த குரலில், "ஊட்டுக் கைன்னு சொல்லிட்ட. அதையேதான் அங்கயும் சொல்லோணும்" என்றார்.

அறுபதாம் படி என்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சில்லை. மலைக்கோயிலுக்குப் போகிற வழியில் அறுபது படி ஒரே அடுக்காக இருக்கிறது. தமிழ் வருஷங்கள் அறுபதுக்கும் வருஷத்துக்கு ஒரு படி என்பார்கள். அதில் ஏறி நின்று சொன்னால், கச்சேரியில் ஜட்ஜுகூட மறுவார்த்தை கேட்காமல் ஒப்புக்கொள்வார் என்று பேசிக்கொள்வார்கள். பொய் சொன்னவனுக்கு ஒரு மண்டலம் தவணை. நாற்பத்தெட்டு நாளுக்குள் கண்ணோ, காலோ, தலைப்பிள்ளையோ. எங்களுக்குத் தலைப்பிள்ளை ஒன்றரை வயசுப் பெண். அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகியிருந்தாள்.

அவருக்குத் தெரியாதே, தெரியாமல் சொன்னால் பொய்யாகுமா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். சாமிக்குத் தெரியுமே என்று உடனே பதிலும் வந்தது.

திங்கட்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. நாலு நாளும் சொல்லிவிடத்தான் பார்த்தேன். சோறு போடும்போது "ஏனுங்க" என்று ஆரம்பித்தேன். அவர் நிமிர்ந்து, "நீயே சொல்லு, நான் அப்பிடிச் செய்யற ஆளா?" என்றார். இல்லீங்க என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றினேன். மறுநாள் அவர் மாட்டுக்குத் தண்ணி காட்டும்போது பின்னாலேயே போனேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து, "பலே, மலையேறப் போறியாமா?" என்று தோளைத் தட்டினார். இவர் முகத்தில் ஒரு பெருமை. மூன்றாம் நாள் யாருமில்லாத நேரம் பார்த்துக் கல்லிடம் போனேன். திரும்பப் பிடுங்கிப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டால்? ஆனால் பழைய இடம் எது? தரை எல்லாம் காய்ந்து வெடித்து ஒரே மாதிரி கிடந்தது. நெருங்கி நின்றாலே யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தொடாமல் திரும்பிவிட்டேன்.

மலைக்கு நான் போக வேண்டிய அவசியம் இல்லாமல் இருந்திருந்தால் வீட்டிலேயே கிடந்து அழுதிருப்பேனோ என்னவோ. ஆனால் அந்த மலையில் சத்தியம் செய்கிறவன் சம்சாரத்தோடுதான் போக வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். அங்கே இருக்கிற சாமியே பாதி ஆண், பாதி பெண். ஒருவர் தனியாக நின்று சொன்னால் சாமிக்குப் பாதிதான் கேட்கும் என்பார்கள்.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாமல் வண்டி கட்டினோம். மாமியாரும் கூட வந்தார். மகன் ஜெயிக்கப் போகிறான் என்கிற தெம்பில் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். தூரத்தில் மலை சிவப்பாகத் தெரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆதிசேசனுக்கும் வாயு பகவானுக்கும் போட்டி வந்துச்சாமா. சேசன் மேருமலையைச் சுத்திப் புடிச்சுக்கிட்டானாம். வாயு அடிச்ச காத்துல மலை பிஞ்சு தெறிச்சுதாம். பிடி விட்டுப்போயி, சேசன் ஒடம்புல ரத்தம் கொட்டி, அந்த ரத்தத்தோட வந்து விழுந்த துண்டுதான் இது. அதான் செவப்பு. இன்னமும் சேசன் அங்கதான் இருக்கறான். பொய் சொல்றவன் கால்வாசம் அவனுக்குத் தெரியும்."

"சும்மா இரு ஆத்தா" என்றார் என் வீட்டுக்காரர். "நாம ஏன் பயப்படோணும்?"

"நமக்கில்ல சாமி, முன்னால போறானே, அவனுக்குச் சொன்னேன்."

மூத்தாருடைய வண்டி எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. அதில் அவரும் ஊர் மணியக்காரரும், நியாயம் கேட்க இரண்டு பெரியவர்களும் இருந்தார்கள். நான் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். ஒரு சின்னக் கொப்புளம் இருந்தது. நேற்று இருந்ததா இது?

அடிவாரத்தில் என் வீட்டுக்காரர் குளித்தார். ஈர வேட்டியோடு, யாரிடமும் பேசாமல் முன்னால் ஏறினார். நான் பத்துப் படி பின்னால். குழந்தை கனத்தது. வெயில் வருவதற்கு முன்பே எனக்கு மூச்சு வாங்கியது. வழியில் பாறையிலேயே செதுக்கின அந்தப் பெரிய நாகம் படுத்திருந்தது. ஐந்து தலை, உடம்பு முழுக்க மஞ்சளும் குங்குமமும். முந்தியும் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன், அப்போதெல்லாம் பயம் வந்ததில்லை. அன்றைக்கு அதன் வயிற்றுப் பக்கம் குங்குமம் அப்பி இருந்த இடம் ஈரமாகப் பளபளத்தது. மாமியார் ஒரு பிடி குங்குமத்தை எடுத்துக் குழந்தை நெற்றியில் வைத்தார். நான் சட்டென்று குழந்தையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி?"

"ஒண்ணுமில்லீங்க அத்தை. கண்ணுல பட்டுரும்னு."

அங்கே கொஞ்சம் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். மணியக்காரர் பொழுது போக்கப் பேசினார். பிருங்கி முனிவர் சிவனை மட்டும் சுற்றிக் கும்பிடுவாராம். அம்மன் சாமியை ஒட்டி நெருங்கி உட்கார்ந்தால், வண்டாக மாறி நடுவில் புகுந்து சிவனை மட்டும் சுற்றிவருவாராம். அந்தக் கோபத்தில்தான் அம்மன் தவம் கிடந்து சாமியின் உடம்பிலேயே பாதியை வாங்கிக்கொண்டாள். "இனி எந்த வண்டு வந்து பிரிக்கும்?" என்று சிரித்தார். மூத்தார் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரரும் சிரிக்கவில்லை. அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

இப்போது சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். அதற்குள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எண்ணுகிற கணக்கு மட்டும் நன்றாக வரும். அறுபது படி ஆரம்பித்ததும் என்னையறியாமல் எண்ணத் தொடங்கினேன். ஒன்று. இரண்டு. இவர் மளமளவென்று ஏறினார். பதினெட்டு. எதிரே சாமி கும்பிட்டு இறங்குகிறவர்கள், ஈர வேட்டியையும் கற்பூரத் தட்டையும் பார்த்து விவரம் புரிந்து, ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். இருபத்தாறு. இருபத்தேழு. ஒரு கிழவர் குழந்தையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஏன் ஆட்டினார்? முப்பத்தைந்து. மணியக்காரர் மேலே போய்ச் சேர்ந்து கற்பூரத்தைப் படியில் வைப்பது தெரிந்தது. நாற்பத்தொன்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"ஏறு புள்ள" என்றார் மாமியார்.

நான் ஏறவில்லை. மேலே, "வந்தாச்சா ரெண்டு பேரும்?" என்று மணியக்காரர் கேட்டார். இவர் திரும்பிப் பார்த்தார். நெருப்புக்குச்சி உரசுகிற சத்தம் கேட்டது.

"ஏனுங்க!"

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. குழந்தை அழ ஆரம்பித்தது.

"ஏனுங்க, வேண்டாங்க. கல்ல நான் தொட்டேனுங்க."

படியோரம் நின்றவர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் அறுபதாம் படியிலிருந்து இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. ஈரவேட்டி காலில் ஒட்டிக் கிடந்தது.

"என்ன சொன்ன?"

"கிடாரி இழுத்துப் பிடுங்கிருச்சுங்க. தை மாசம். நான்தான் திருப்பி நட்டேன். அத்தை வையும்னு சொல்லாம உட்டுட்டேன்."

மாமியார் வாயில் கையை வைத்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்தார். மூத்தார் சிரித்தார். அந்தச் சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது.

"நெழலு எனக்காகக் காத்துட்டு நிக்கோணுமான்னு கேட்டியே. பாத்தியா? ஊட்டுக்குள்ளயே ஆள வச்சுக்கிட்டு, என்ர மாட்டு நடையப் பத்திப் பேசுனியே!"

அப்படி அவமானப்பட்டு என் வீட்டுக்காரர் நின்றதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. என்னை அடித்திருந்தாலும் தாங்கியிருப்பேன்.

மணியக்காரர்தான் பேசினார். "அம்மிணி, எந்திரிச்சு வா. பயப்படாத. அது முந்தி எங்க இருந்துச்சோ, அத இந்தப் படியில நின்னு சொல்லிரு. அங்கயே நட்டுரலாம். தீந்துது."

மூத்தார் எதிரில் நின்று பேச வேண்டும். முந்தானையை இழுத்துத் தலைமேல் போட்டுக்கொண்டு, பத்தொன்பது படியும் ஏறிப்போனேன். கற்பூரம் இன்னும் ஏற்றவில்லை. என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றேன், அவர் முகத்தைப் பார்க்காமல்.

"எனக்குத் தெரியாதுங்க. குழியில தண்ணி ரொம்பிருச்சுங்க. குத்துமதிப்பா வெச்சேன். கிழக்கே நகந்துதோ மேக்கே நகந்துதோ, சத்தியமாத் தெரியாதுங்க."

"அவரு ஒரு முழம்னு சொல்றாரே?"

"இருந்தாலும் இருக்குங்க."

மணியக்காரர் தாடையைத் தடவினார். பிறகு மூத்தார் பக்கம் திரும்பினார். "செரி. இந்தப் புள்ளைக்குத் தெரியல. உனக்குத் தெரியுமல்லோ. முழம்னு நாலு நாளா ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்கற. நீ நில்லு. எந்த எடம்னு நீ சொல்லு. நான் ஏத்தறேன்."

மூத்தார் முகம் மாறியது. "நானா? சத்தியம் பண்றேன்னு சொன்னவன் அவனல்லோ?"

"அவன் சொல்ல வந்தது இப்ப இல்லாமப் போச்சு. நீ சொன்னது இருக்குதில்ல?"

"என்ர ஊட்டுக்காரி வரலீங்களே. ஒத்தையா எப்பிடிச் சொல்றது?"

"வண்டி இருக்குது. போயிக் கூட்டியாரச் சொல்லட்டுமா? நாங்க உக்காந்திருக்கறோம். மோரு கெடைக்கும்."

படியோரம் நின்றவர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். மூத்தார் வீம்புக்கு முன்னால் வந்து நின்றார். மணியக்காரர் கற்பூரத்தை ஏற்றினார். காற்றில் அது படபடவென்று ஒரு பக்கமாகச் சாய்ந்து எரிந்தது. மூத்தார் வாயைத் திறந்தார். "அந்தக் கல்லு முந்தி..." என்றார். நிறுத்தினார். கையை நீட்டி, காற்றில் ஏதோ அளப்பது போல இரண்டு தடவை விரலை விரித்தார். அவருக்கு மூன்று பிள்ளைகள். கடைசிப் பையனுக்கு அந்த மாசம் முழுக்கக் காய்ச்சல் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு அந்த நேரத்தில் தோன்றியதைச் சொன்னால் பைத்தியம் என்பீர்கள். மூத்தார் எதையாவது சொல்லிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். அவருக்காகத்தான். கல்லைக் குலைத்தவள் நான், அந்தப் பையனுக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்தப் பாவமும் என் தலையில்தானே?

கற்பூரம் எரிந்து, படியில் கருப்பாக ஒரு வட்டம் விட்டு, அணைந்தது.

"ஒரு சாணாவும் இருக்கலாம்" என்றார் மூத்தார் மெதுவாக. "நான் அளந்து பாக்கலீங்க. தண்ணி பத்தல, அது நெசம்."

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "அண்ணன் எங்க நடச் சொல்றாரோ, அங்கயே நட்டுக்கட்டும். எங்க ஊட்டுல தப்பு இருக்குது." அவ்வளவுதான். சாமியைக்கூடக் கும்பிடப் போகாமல் இறங்க ஆரம்பித்தார். மணியக்காரர் பின்னாலிருந்து அதட்டினார். "அட, இத்தன படி ஏறி வந்துட்டு சாமி மூஞ்சியப் பாக்காமப் போறவன் எவன்டா? வாங்கடா ரெண்டு பேரும்!" அப்புறம்தான் போனோம். சன்னதியில் நான் சாமியின் இடப்பக்கம், அம்மன் பாதியில் இருந்த சேலையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன வேண்டினேன் என்று ஞாபகம் இல்லை.

மறுநாள் காலையில் மூத்தாரே கடப்பாரை எடுத்து வந்து கல்லைப் பிடுங்கி நட்டார். ஊரே நின்று பார்த்தது. அவர் முழம் தள்ளி நடவில்லை. ஒரு சாண்கூட இல்லை. நாலு விரற்கடை, அதற்கு மேல் இல்லை. நாலு விரற்கடைக்கு எத்தனை சால் தண்ணீர் வரும்? மூன்றோ நாலோ. அவருடைய கடைசிப் பாத்தி மிளகாய் எப்படியும் காய்ந்துதான் போனது. கிணற்றிலேயே தண்ணீர் இல்லை.

என் வீட்டுக்காரர் பன்னிரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மாமியார் அவருக்கும் சேர்த்துப் பேசினார். "ஊட்டு மானத்த அறுநூறு பேரு பாக்க மலை மேல வெச்சு அவுத்துட்டா" என்று தண்ணீர் எடுக்க வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அங்கே அறுநூறு பேர் இல்லை, இருபது பேர் இருந்திருப்பார்கள். நான் திருத்தவில்லை.

எனக்கு வேறு கவலை. பதின்மூன்றாம் நாள் அவர், "உப்புப் போடு" என்றார். பேச்சு திரும்பிவிட்டது என்று தெரிந்ததும் கேட்டேவிட்டேன்.

"ஏனுங்க, அன்னிக்கு ஏறும்போது ஒதடு அசைஞ்சுதே. என்ன சொல்லிட்டு ஏறுனீங்க?"

"சத்தியத்தத்தான். மறந்துட்டா என்ன பண்றதுன்னு, படிக்குப் படி சொல்லிப் பாத்துட்டே ஏறினேன்."

"அய்யோ. ஊட்டுக் கைன்னுமா?"

"ஆமா. ஏன்?"

அவர் சத்தியத்துக்குக் கற்பூரம் ஏற்றவில்லை, சரி. சத்தமாகச் சொல்லவில்லை, சரி. ஆனால் படியில் நின்று சொல்லியாயிற்றே, அதுவும் அறுபது தடவை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அட, எண்ணாத போ" என்று எழுந்து போய்விட்டார். நான் எண்ணினேன். மலையேறின நாளிலிருந்து நாற்பத்தெட்டு நாள், சுவரில் கரிக்கோடு போட்டு. குழந்தை ஒரு தும்மல் போட்டாலும் எழுந்து உட்காருவேன். நாற்பத்தெட்டாம் நாள் அவள் வாசலில் தடுக்கி விழுந்து உதட்டைக் கிழித்துக்கொண்டாள். இரண்டு நாளில் ஆறிப்போனது. அதை எந்தக் கணக்கில் வைப்பது என்று நான் யாரையும் கேட்கவில்லை.

அதற்கு அடுத்த வருஷம், வேலி முள் வெட்டியது யார் என்று பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு இவருக்குத் தகராறு வந்தது. ஆள் கூடிவிட்டது. என் வீட்டுக்காரர் நெஞ்சைத் தட்டிக்கொண்டு, "எங்க ஊட்டுல எவனும் அந்த முள்ளு மேல..." என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் அடுப்படிப் பக்கம் திரும்பிக் கத்தினார்:

"ஏம்புள்ள! நீ எதாச்சும் தொட்டியா?"

கூட்டம் முழுக்கச் சிரித்தது. மூத்தாரும் அதில் நின்றுகொண்டிருந்தார், அவர் சிரிப்பு தனியாகக் கேட்டது. நான் கதவுக்குப் பின்னால் நின்று நன்றாக யோசித்துப் பார்த்தேன். இரண்டு தடவை யோசித்தேன். அப்புறம்தான், "இல்லீங்க" என்றேன்.

"கேட்டுக்கிட்டியா?" என்று அவர் திரும்பி, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்.